வாளியின் மேல் ஏழு வரிகள்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் துறைமுகப் பக்கச் சுவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது என் வேலை. கையில் ஒரு படிவம் கொண்டுபோவேன். அதைத் தயாரித்ததும் நான்தான். உரிதல், வெடிப்பு, நிறமாற்றம், தூள் கழலுதல், உப்புப் பூத்தல், பாசி என்று ஆறு கட்டங்கள். கறுப்புத் துணியால் சுவரைத் துடைத்துப் பார்ப்பேன், துணியில் ஒன்றும் ஒட்டாது. நகத்தால் சுரண்டுவேன், நகம்தான் தேயும். ஆறு கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதிவிட்டுத் திரும்புவேன்.

ஏழாவதாக 'வேறு குறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்தான் எழுதுகிறேன்: மூன்றாம் மாடியில் இரண்டாவது யன்னலுக்கு மேல், ஒரு சாண் அகலத்தில் நிறம் சற்று அடர்ந்த பட்டை. காரணம் எழுதுவதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

அந்தச் சுவரைப் பூசியவருக்கு இப்போது வலது கண்ணில் பார்வை இல்லை. பட்டைக்கும் கண்ணுக்கும் காரணம் ஒன்றே. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் வத்தளையில் ஒரு சிறிய பெயிண்ட் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரசாயனவியல் படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை இது. அங்கே எனக்குத் தரப்பட்ட முதல் பெரிய பொறுப்பு, வெளிச்சுவர்களுக்கு ஒரு கனிமப் பெயிண்ட் உருவாக்குவது. கொழும்பில் கடல் பக்கம் பார்த்த சுவர்களுக்கு நாங்கள் வழக்கமாகப் பூசுவது பிளாஸ்டிக் பெயிண்ட். அது சுவரின் மேல் ஒரு தோலாக நிற்கும். மழை ஈரம் சுவருக்குள் இறங்கும், வெளியே வர வழியில்லாமல் தோலைத் தள்ளும். இரண்டு பருவமழைக்குள் சுவர் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது யன்னலோரம் இருந்து பார்த்தால் தெரியும், ஒவ்வொரு கட்டடமும் ஒரு பக்கம் உரிந்துதான் நிற்கும்.

கனிமப் பெயிண்ட் தோலாக நிற்காது. அதில் பிசினுக்குப் பதிலாகப் பொட்டாசியம் சிலிக்கேற் இருக்கிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரி, தொட்டால் வழுவழுப்பு. சீமெந்துப் பூச்சில் இருக்கும் சுண்ணாம்போடு அது சேர்ந்து கல்லாகிவிடும். சுவரையும் நிறத்தையும் பிறகு பிரிக்க முடியாது. வெளிநாட்டில் இது மிகப் பழைய விஷயம். எங்களுடைய மணலுக்கும் எங்களுடைய சீமெந்துக்கும் எங்களுடைய உப்புக்காற்றுக்கும் பொருந்துகிற மாதிரி இங்கேயே செய்வதுதான் எனக்குத் தந்த வேலை.

இரண்டு வருடம் பிடித்தது. சீமெந்துச் சாந்தில் சிறு பலகைகள் வார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசி, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் கடலைப் பார்த்துச் சாய்த்து வைத்தேன். தண்ணீர்த் தாங்கிகளுக்கும் அம்மா மிளகாய் காயவைக்கும் பாய்க்கும் இடையில் முப்பத்தாறு பலகைகள். முதல் தொகுதி வாளிக்குள்ளேயே கட்டியாகிவிட்டது. இரண்டாவதில் சிவப்பு நிறம் ஒரு மாதத்தில் செத்துப்போனது. காரத்தன்மையைத் தாங்கும் நிறங்கள் சிலதான். காவி, மஞ்சட் காவி, கறுப்பு, பச்சையில் ஒன்று. அடுத்ததில் உப்புப் பூத்தது. அதற்கடுத்ததில் தூள் கழன்றது. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் வரிசைப்படுத்தி எழுதினேன். பட்டியல் போட்டால் எனக்கு மனம் அடங்கும்.

மொட்டைமாடிக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. பலகை பூசும்போது தூரிகையிலிருந்து அதில் சில துளிகள் தெறித்திருக்கின்றன. நான் கவனிக்கவில்லை. அம்மாதான் கண்டார். சவர்க்காரம் போட்டார், தேசிக்காய் தேய்த்தார், கடைசியில் சவரப் பிளேட்டால் சுரண்டினார்.

"இதென்னடி, கண்ணாடியைத் திண்டிருக்கு."

"அப்பிடித்தான் அம்மா. அது கண்ணாடியோட சேர்ந்திடும். இனிப் போகாது."

"இனிப் போகாதெண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறாய். வீட்டுக்காரனுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நான் சிரித்தேன் என்பது உண்மை. அந்தத் துளிகள் எனக்குச் சந்தோஷத்தைத் தந்தன. பொருள் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. கொப்பியில் குறித்துக்கொண்டேன்: கண்ணாடியைப் பாதிக்கும், துளி பட்டவுடன் துடைக்காவிட்டால் நிரந்தரம்.

பலகையில் சரியாக வந்ததைச் சுவரில் பூசிப் பார்க்க ஒரு நல்ல கை வேண்டியிருந்தது. எங்கள் முகாமையாளர் பூச்சுக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். கொழும்பில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் பாஸ்தான், மேசன் பாஸ், தச்சு பாஸ். இவர் பெயிண்ட் பாஸ். ஜிந்துப்பிட்டிக்காரர், வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இரண்டு நிறங்களைப் பிரித்துக் கோடு போடுவதில் பெயர் எடுத்தவர். மற்றவர்கள் நாடா ஒட்டிவிட்டுப் பூசுவார்கள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் இழுப்பார், நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

வாளியைத் திறந்து தூரிகையை விட்டுக் கலக்கியவர் என்னைப் பார்த்தார்.

"இது பெயிண்டா மிஸ், இல்ல பெயிண்ட் கழுவின தண்ணியா?"

"பூசிப் பாருங்கோ பாஸ்."

"பூசுறேன். ஒட்டலன்னா என்னைய குத்தம் சொல்லப்படாது."

பூசினார். காயக் காயச் சுவர் மங்கிக் கல் மாதிரி ஆவதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். இது என்ன சாமான் என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். சிலிக்கேற் என்றதும் அவர் முகத்தில் ஆர்வம் போய்விட்டது. அவருக்குப் பிடிபடுகிற மாதிரிச் சொல்ல நினைத்து, "சுண்ணாம்பு மாதிரித்தான் பாஸ். சுண்ணாம்பின்ர அக்கா எண்டு வையுங்கோ" என்றேன்.

அவருக்கு அது பிடித்துப்போனது. அதன்பிறகு வாளியை அக்கா என்றே கூப்பிட்டார். "அக்கா இன்னைக்கு கெட்டியா இருக்காங்க." "அக்காவுக்கு வெயிலு ஆகாது, நாலு மணிக்கு மேல பாப்போம்." நானும் அந்தப் பேச்சை ரசித்தேன். ஒரு பொருளை ஒருவருக்குச் சரியாகப் புரியவைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று அவருக்குக் கொடுத்திருந்தேன். அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். "வேர்வையில மூடிக்குது மிஸ். கோடு தெரியாம நான் என்னத்த பூசுறது?" நான் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

முதல் வீடு கல்கிசையில். எங்கள் இயக்குநர் ஒருவருக்குச் சொந்தம். சுவர் நன்றாக வந்தது, ஆனால் கீழ் மாடி யன்னல் கண்ணாடிகள் எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தது. எட்டுக் கண்ணாடிகளை மாற்ற வேண்டியிருந்தது. முகாமையாளருக்கு இரண்டு நாள் நல்ல பேச்சு விழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அடுத்த மாதம் வாளிகளுக்கு லேபல் அடிக்க வேண்டி வந்தது. பாவிக்கும் முறையை நான்தான் எழுதினேன். ஒன்பது வரிகள். பழைய பிளாஸ்டிக் பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். தூசி கழுவிச் சுவரை நனைக்க வேண்டும். பசை, நீலம், வேறு பெயிண்ட் எதுவும் கலக்கக் கூடாது. கடும் வெயிலிலும் மழையிலும் பூசக் கூடாது. ஒரு சுவரை மூலையிலிருந்து மூலை வரை நிறுத்தாமல் பூச வேண்டும்; நடுவில் நிறுத்தினால் பட்டை விழும், பிறகு போகாது. யன்னல் கண்ணாடியையும் தரை ஓடுகளையும் பொலித்தீனால் மூட வேண்டும். இரண்டு பூச்சுக்கு இடையில் ஒரு நாள் விட வேண்டும். எட்டாவது, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். ஒன்பதாவது, கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவி வைத்தியரிடம் போக வேண்டும்.

முகாமையாளர் தாளை வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர். என்னைத் தன் பிள்ளை மாதிரி நடத்துபவர்.

"மகள், இது லேபலா, சோதனைத் தாளா? சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணும் ஈக்கணும். எழுத்து சின்னதானா ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க. ஏழோட நிப்பாட்டுங்க."

"எதை எடுக்கிறது சேர்?"

"அது ஒங்கட வேல. ஆனா கண்ணாடி வரிய மட்டும் எடுத்துடாதீங்க, அல்லாவுக்காக."

அவர் சொன்னது யன்னல் கண்ணாடியை. நான் என் மேசைக்குப் போய் ஒன்பதையும் மறுபடி வாசித்தேன். முதல் ஏழில் எதை எடுத்தாலும் சுவர் கெட்டுப்போகும். எட்டாவதை எழுதினாலும் யாரும் அணியப்போவதில்லை; பாஸின் கழுத்தில் தொங்கியது ஞாபகம் வந்தது. ஒன்பதாவது எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணில் ஏதாவது பட்டால் தண்ணீரால் கழுவச் சொல்லி யாரும் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. இரண்டையும் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொட்டாஞ்சேனைக் கட்டடம்தான் புது லேபலோடு போன முதல் வேலை. பாஸ் லேபலை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்து மனப்பாடம் செய்திருந்தார். தொலைபேசியில் எனக்கு ஒப்புவித்துக் காட்டினார். "ஆறாவது, கண்ணாடிய மூடணும். மூடியாச்சு டீச்சர். ஏழாவது, ஒரு நாளு விடணும். விட்டாச்சு டீச்சர். பாஸா பெயிலா?" பாஸ்தான் என்றேன். "பாஸ் பாஸ்தானே" என்று அவரே சிரித்துவிட்டு வைத்தார்.

இரண்டாம் பூச்சு நாளன்று நான் வத்தளையில் இருந்தேன். நடந்ததைப் பிறகு அவரிடமும், அவரோடு சாரத்தில் நின்ற மற்றப் பெயிண்ட்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைத்திருக்கிறேன். காலை பத்தரை மணிபோல அவர் மூன்றாம் மாடியில், இரண்டாவது யன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சீமெந்துத் தட்டின் அடிப்பக்கத்தைப் பூசிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பூச வேண்டிய இடம். தூரிகையின் அடியில் சேர்ந்த துளி ஒன்று வலது கண்ணில் விழுந்தது. கண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சாரத்திலிருந்து இறங்கினார். சுவரின் அடியில், அவர் கால் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழாய் இருக்கிறது. சுவர் நனைக்க நாங்கள் தண்ணீர் பிடித்த குழாய். மற்றவர் அதைத் திறந்தார்.

"மூடுடா. தண்ணி வைக்காத" என்று இவர் தடுத்திருக்கிறார்.

சுண்ணாம்பு வேலை செய்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பீப்பாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கும். அதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள், கண்ணில் சுண்ணாம்பு பட்டால் தண்ணீர் காட்டமாட்டார்கள். கண்ணுக்குள்ளேயே கொதிக்கும் என்பது அவர்கள் பயம். தேங்காயெண்ணெய் விட்டுத் துணியால் கட்டிவிட்டுப் படுப்பார்கள். எதிரில் இருந்த சாப்பாட்டுக் கடையில் எண்ணெய் வாங்கி வந்தார்கள். பாஸ் அரை மணித்தியாலம் நிழலில் படுத்தார். எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்போது ஐந்தாவது வரி, நடுவில் நிறுத்தக் கூடாது என்பது, ஞாபகம் வந்திருக்கிறது. துவாயைக் கண்ணுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். ஒற்றைக் கண்ணால் மீதிச் சுவரை மூலை வரை பூசி முடித்தார்.

நாலரை மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

"மிஸ், சுவரு முடிஞ்சிருச்சு. அக்கா கண்ணுல கொஞ்சம் பட்டுட்டாங்க."

"கழுவினீங்களா?"

"சே. தண்ணி பட்டா கொதிக்குமே. எண்ணெய் விட்டிருக்கு."

எனக்கு முதலில் அவர் சொன்னது விளங்கவில்லை. விளங்கியதும், "பாஸ், இப்பவே குழாயைத் திறந்து கண்ணைக் காட்டுங்கோ. நான் வாறன். நான் வரும்வரைக்கும் மூடாதேங்கோ" என்றேன். ஓட்டோவில் களனிப் பாலம் கடந்து வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவர் குழாயின் கீழே குந்தி, சொன்னபடி தலையைச் சரித்துக் கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கண்ணின் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் மொட்டைமாடிக் கதவுக் கண்ணாடியில் நான் பார்த்த அதே மங்கல்.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வைத்தியர் சிங்களத்தில் கேட்டார், என்ன இரசாயனம், காரத்தன்மை எவ்வளவு என்று. பதினொன்றுக்கு மேல் என்றேன். எத்தனை மணிக்குப் பட்டது என்றார். பத்தரை என்றேன். எத்தனை மணிக்குக் கழுவியது என்றார். நாலரை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் இருக்கவில்லையா என்று கேட்டார். இருந்தது என்றேன். அமிலம் என்றால் மேலோடு நின்றுவிடும், காரம் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்று அவர் பாஸின் மனைவிக்குச் சொல்லச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் கையில் இருந்த ஈரத் துவாயைப் பிழிந்துகொண்டே நின்றார்.

கண்ணைக் காப்பாற்ற இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகிறது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்பதால் சாரத்தில் ஏற விடமாட்டார்கள். இப்போது தரையில் நின்று உள்சுவர்களுக்கு ரோலர் போடுகிறார். கோடு போடுவதில்லை.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாயைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ கையாலயா ஊத்தினனீ?"

"இல்லை."

"பிறகென்ன. எழும்பிச் சாப்பிடு."

முகாமையாளரிடம் இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றேன். அவர் ஒரு சொல்லும் மறுக்கவில்லை. வாளியின் சுற்றளவு முழுக்கச் சுற்றி வருகிற பெரிய லேபல் அடித்தோம். இப்போது அதில் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன. கண் பற்றிய வரிதான் முதலாவது. 'சுண்ணாம்பு என்று நினைத்து எண்ணெய் விட வேண்டாம், தண்ணீர் கொதிக்காது' என்று அதற்குக் கீழே எழுதினேன். பெயிண்ட் நன்றாக விற்கிறது.

பாஸிடம் மட்டும் நான் வரியை வெட்டியதைச் சொல்லவில்லை. ஜிந்துப்பிட்டியில் அவர் வீட்டுக்கு நாலைந்து தடவை போயிருப்பேன். மருந்துத் துளிகள் வாங்கிக்கொண்டு போவேன், கிளினிக் நாட்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைக் கேட்பார்.

"நடுவுல எறங்கினேனே மிஸ், சுவர்ல கோடு தெரியுதா?"

"இல்லை பாஸ்" என்பேன். அவர் தலையாட்டுவார்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் சுவரைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிய கையோடு அங்கே போனேன். மழை வரப் பார்த்தது. பாஸ் வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மனைவி உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொன்னேன். லேபலில் நான் முதலில் எழுதியது ஒன்பது வரி. இடம் போதாமல் இரண்டை வெட்டச் சொன்னார்கள். எந்த இரண்டு என்று முடிவு செய்தது நான். யன்னல் கண்ணாடி வரியை வைத்துக்கொண்டு கண் வரியை வெட்டினேன்.

அவர் தலையைத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்தார்.

"என்னா எழுதியிருந்தீங்க மிஸ், அந்த ஒம்பதாவதுல?"

மனப்பாடமாகச் சொன்னேன். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணித்தியாலமாவது கழுவ வேண்டும்.

"அது சரி" என்றார். பிறகு, "இருந்திருந்தாலும் நான் தண்ணி வச்சிருக்க மாட்டேன் மிஸ். சின்ன வயசுலருந்து பாத்தது. பேப்பர பாத்தா மாறப்போறோம்?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லியிருப்பார்.

"வச்சிருப்பாரு. அந்தப் பேப்பருல இருந்த எல்லாத்தையும் செஞ்சாரு. கண்ண கட்டிக்கிட்டு ஏறினதே அதுல இருந்ததாலதான்."

 முதல் துளிகள் தகரக் கூரையில் விழுந்தன. பாஸ் கதிரையை ஒரு அடி உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். இழுக்கும்போது கதவு நிலையில் கை இடித்தது.

"அப்ப உண்மையச் சொல்லுங்க மிஸ். சுவர்ல கோடு தெரியுதா?"

"ஓம் பாஸ். ரெண்டாவது யன்னலுக்கு மேல. ஒரு சாண்."

"நெனச்சேன்" என்றார்.